பஞ்சு வைத்த அறை

ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் 'பத்து சதவீதம்'. கமிஷன் வாங்குகிறவன் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அதற்கெல்லாம் தனிச் சாமர்த்தியம் வேண்டும். நான் ஒரு கட்டட கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவன். யாராவது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தால், அவருடைய கனவில் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு, எவ்வளவு கம்பி என்று பிரித்து எழுதி, கடைசியில் கூட்டிக் காட்டி, அவர் முகம் வெளுப்பதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். கூட்டுத்தொகைக்கு முன்னால் 'எதிர்பாராச் செலவு, பத்து சதவீதம்' என்று ஒரு வரி எழுதுவேன். எல்லாச் சண்டையும் அந்த வரியில்தான் வரும்.

"எதுக்குன்னே தெரியாத செலவுக்கு எதுக்கு சார் பணம்? அதை அடிச்சுடுங்க," என்பார்கள்.

அடித்துவிடுவோம். அடித்த பணத்தைக் கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி என்று யாரும் கேள்வி கேட்காத இடமாகப் பார்த்து நுழைத்துவிடுவோம். எங்கள் ஆபீசில் இதற்குப் 'பஞ்சு வைப்பது' என்று பெயர். கீழே விழும்போது அடிபடாமல் இருக்க உள்ளே கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். இது ஏமாற்று வேலை இல்லை. வேலை முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படி ஊரார் வீட்டுக்கெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வாடகை வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்த நான், சொந்தமாக வீடு கட்டத் துணிந்ததற்குக் காரணம் ஒரு மேசை.

என் மனைவி திரைச்சீலை தைப்பவள். விடுதிகள், ஆஸ்பத்திரிகள், புதிதாகக் குடி போகிறவர்கள் என்று அவளுக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். திரைத்துணியை முழு நீளத்துக்கு விரித்துப் போட்டு வெட்டினால்தான் அடி ஓரம் நேராக வரும். எங்கள் வாடகை வீட்டில் அந்த நீளத்துக்குத் தரையை விட்டால் வேறு இடம் கிடையாது. கூடத்து நாற்காலிகளை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, துணியை விரித்து, முட்டி போட்டு, நகர்ந்து நகர்ந்து வெட்டுவாள். வருஷக்கணக்காக இப்படி வெட்டியதில் இரண்டு முழங்காலும் கெட்டுப்போயின. "இனிமே தரையில முட்டி போடவே கூடாது. நின்னுக்கிட்டு வேலை செய்யுங்க, இல்லன்னா வேலையை விட்டுடுங்க," என்றார் டாக்டர். அவள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பழைய ஓட்டலை இடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கச் சுவர் விழுந்ததும் சலவைக்கூடம் தெருவுக்குத் தெரிந்தது. உள்ளே துணி தேய்க்கிற மேசை ஒன்று, பன்னிரண்டு அடி நீளம், நாலு அடி அகலம், ஒரே கனத்த பலகை, அடியில் பற்றவைத்த இரும்புக் கால்கள். பிரிக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து, இடிக்கிறவர்களிடம் பேரம் பேசி, அன்றைக்கே வாங்கிவிட்டாள். வைக்க இடமில்லாமல் அவளுடைய அண்ணன் வீட்டுக் கொட்டகையில் போட்டு மூடி வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை போய் அதைத் துடைத்துவிட்டு வருவாள். அவ்வளவு பிரியமாக அவள் என்னைத் தொட்டுப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

"நாம வீடு கட்டப் போறது நமக்கா, அந்த மேசைக்கா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான். மேசைக்கு இடம் போக மிச்சத்துல நாம இருப்போம்," என்றேன். விளையாட்டாகச் சொன்னாலும் அது நான் கொடுத்த வாக்கு. கீழ்த்தளத்தில் பின்பக்கம், தோட்டத்தைப் பார்த்தாற்போல், மேசையைச் சுற்றி நாலு பக்கமும் நடக்கிற அளவுக்கு ஒரு அறை. துணியின் நிறம் சரியாகத் தெரிய ஒரு பெரிய ஜன்னல். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வாக்குக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது மச்சான் வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அக்கறையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, வீடு கட்டினா கையைக் கடிக்காம விடாது. எதிர்பாராத செலவுன்னு கொஞ்சம் தனியா எடுத்து வச்சுக்கோங்க."

ஊருக்கெல்லாம் நான் சொல்லுகிற அதே புத்திமதி. ஆனால் அதை இன்னொருவர் எனக்குச் சொல்வதா?

"மச்சான், எதிர்பாராத செலவெல்லாம் விஷயம் தெரியாதவங்களுக்குத்தான். எஸ்டிமேட் போடுறவனே நான். எனக்குத் தெரியாம எந்தச் செலவு உள்ள வந்துடும்?" என்றேன்.

என் மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை இல்லாமல் இருந்திருந்தால் மறுநாளே போன் செய்து, 'மச்சான், நீங்க சொன்னதுதான் சரி,' என்று வழிந்திருப்பேன்.

மறுநாள் மதியம், ஆபீசில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, என் வீட்டுக்கு நானே எஸ்டிமேட் போட்டேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்து கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். பத்து சதவீதம் போடாமல் கூட்டுத்தொகை போடுவது சட்டை போடாமல் தெருவில் இறங்குவது போல இருந்தது. போட்டால் மானம் போகும். போடாவிட்டால் வீடு போகும். பஞ்சுதான் வழி என்று தீர்மானித்தேன்.

எங்கே வைப்பது? சமையலறையில் வைத்தால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். மச்சான் போன வருஷம்தான் தன் குளியலறையை இடித்துக் கட்டினார், அங்கேயும் முடியாது. அஸ்திவாரம் காண்ட்ராக்டருக்கு அத்துப்படி. யோசித்து யோசித்து ஒரு அற்புதமான இடத்தைப் பிடித்தேன். செலவைக் குறைக்க உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் அடுத்தவர் அறையில்தான் கை வைப்பார்கள். தன் அறையை யாரும் தொட மாட்டார்கள். இது என் இத்தனை வருஷத் தொழில் அனுபவம். எங்கள் வீட்டில் எஸ்டிமேட்டை உட்கார்ந்து படிக்கக்கூடிய ஆள் என் மனைவி ஒருத்திதான். ஆகவே மொத்தப் பஞ்சையும் அவளுடைய தையல் அறையில் வைத்தேன். ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் மட்டுமே இருக்கப்போகிற அறை, தாளில் இரண்டு படுக்கையறைகளையும் சேர்த்ததைவிட விலை கூடிப்போயிற்று. எல்லாரையும் என்னைப் போலவே நினைத்துக் கணக்குப் போடுகிறவன் நான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அவள் தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்றாள்.

"என் ரூமுக்கு இவ்வளவாங்க?"

தனி மின்இணைப்பு, கனமான தரை என்று சொல்ல நான் காரணங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் குரலைக் கேட்டதும் அதெல்லாம் மறந்துபோய், "உனக்குத்தானே," என்று மட்டும் சொன்னேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. பஞ்சு வைத்த இடத்தில் பாராட்டும் கிடைத்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

வீட்டு வேலை ஆரம்பித்தது. எங்கள் காண்ட்ராக்டர் எதைச் சொன்னாலும் "சின்ன வேலைதான் சார்," என்பார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே 'சின்ன வேலை'. அஸ்திவாரம் தோண்டியபோது முதல் அடி விழுந்தது. எங்கள் மனை யாரோ ஒரு காலத்தில் குப்பை கொட்டி மூடிய பள்ளம். உடைந்த ஓடு, பாட்டில், பாதி குளியல் தொட்டி எல்லாம் வந்தன. கெட்டி மண் மட்டும் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆழம் போகணும். சின்ன வேலைதான் சார்," என்றார் சின்ன வேலை. பஞ்சில் ஒரு பிடி எடுத்தேன். அப்புறம் கம்பி விலை ஏறியது. இன்னொரு பிடி. இவை இரண்டும் விதி. இதற்காக என்னை யாரும் திட்ட முடியாது.

திட்ட வேண்டியது பால்கனிக்குத்தான்.

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுப்பதுண்டு. வரைபடம் முடிவான பிறகு மனசு மாறக் கூடாது. வீடு கட்டுகிறவர்களை ஓட்டாண்டி ஆக்குவது மனசு மாறுவதுதான் என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஒரு மாலை நேரம் தெருவில் நின்று எழும்பி வருகிற என் வீட்டை ரசித்துக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சிக்குப் போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "குடோன் கட்டுறீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சின்ன வேலையைக் கூப்பிட்டு, முன்பக்கம் மாடியில் வளைவாக ஒரு பால்கனி வேண்டும் என்றேன். பால்கனி வந்தால் அதற்குக் கதவு வேண்டாமா? கதவுக்கு மேலே மழை படாமல் ஒரு தளம். அவ்வளவு அழகான பால்கனிக்குக் குறுகலான மாடிப்படி பொருந்தவில்லை, படியை அகலமாக்கினோம். பால்கனியின் விளிம்புக்கு வளைத்து வளைத்துச் செய்த கம்பிக் கைப்பிடி ஒன்றைப் பட்டறையில் பார்த்து வைத்தேன். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். என் மனைவி இந்தக் காலம் முழுவதும் ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றச் சொல்லவில்லை.

செலவை நான் கண்காணிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வாரா வாரம் எதிரே செலவை எழுதி, கூடியதைச் சிவப்பில் சுழிப்பேன். மிகச் சுத்தமாகச் சுழிப்பேன். தினமும் காய்ச்சலை அளந்து எழுதிவிட்டு மருந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறவனைப் போலத்தான் என் செலவுக் கட்டுப்பாடு நடந்தது.

மேல்தளம் போட்டு முடித்தபோது பஞ்சு தீர்ந்துவிட்டது. ஓடு, மின்சாரம், ஜன்னல், பூச்சு எல்லாம் பாக்கி. நல்ல பெரிய துண்டாக விழுந்தது. நான் சாப்பாட்டு மேசையிலும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. சின்ன சத்தம் கேட்டாலும் அது செங்கல் விலை ஏறுகிற சத்தமாகத் தோன்றியது.

ஒரு காலையில் என் மனைவி டீயை வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். தன் அறையின் வரியில் விரலை வைத்தாள்.

"என்னங்க, என் ரூம் வேணாம்."

"என்ன?"

"ரெண்டு படுக்கை ரூமை விட அதுக்கு ஜாஸ்தி ஆகுது. நான் தைக்கிற தையலுக்கு இவ்வளவு பெரிய செலவை உங்க தலையில கட்டியிருக்கக் கூடாது. எனக்கு அப்பவே உறுத்துச்சு. நீங்க ஆசையா போட்டீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

"முழங்கால்?"

"பாத்துக்கலாம். வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்."

அவள் வெட்கப்பட்டாள். அதிகமாகக் கேட்டுவிட்டோம் என்று அவள், என் மனைவி, வெட்கப்பட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் நான் எழுதிய பொய் ஒட்டியிருந்தது.

உண்மை விலை எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறைக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது. மூன்று பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. மணலும் செங்கல்லும் உள்ளே கொண்டுவர வசதியாகத் தோட்டத்துப் பக்கச் சுவரை மட்டும் கட்டாமல் விட்டிருந்தோம். பாக்கி அந்த ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு, தரை. பட்டறையில் நான் பார்த்து வைத்திருந்த பால்கனிக் கைப்பிடியின் விலைதான் வரும். இதை அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாக்கலாம்," என்றது வாய்.

அன்று சாயங்காலமே சின்ன வேலையிடம் போய்ப் பின்அறையை அப்படியே விட்டுவிடலாம் என்றேன். "அதுவும் நல்லதுதான் சார். திறந்தே இருக்கட்டும், கார் நிறுத்த ஆகும்," என்றார் அவர். எங்களிடம் கார் இல்லை. இருந்தாலும், பக்கவாட்டுச் சந்து வழியாக அந்த இடத்துக்கு ஸ்கூட்டர்தான் போகும். நானும் ஏதோ பெரிய யோசனையைக் கேட்டவன் போலத் தலையாட்டினேன். பிறகு கைப்பிடிக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று கணக்குப் பார்த்தேன். கொடுக்கலாம் என்று வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம். என் எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்து, பத்து சதவீத வரியை அடிக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, மாமா வீட்டுல இருக்கோம். அம்மா மேசையை விக்கப் போறா. ஒரு பேக்கரிக்காரர் வந்து பாத்துக்கிட்டிருக்கார்."

"விக்கிறாளா? எதுக்கு?"

"எங்க வைக்கிறதுன்னுதான். எத்தனை நாளைக்கு மாமா கொட்டகையை அடைச்சு வைக்கிறதுங்கறா." மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பா, துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டிருக்கா. எனக்குப் பாக்கவே என்னவோ போல இருக்கு. நீங்க வாங்களேன்."

நான் எழுந்தேன். "அந்த வரியை அடிக்காதீங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க," என்று எதிரே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பயந்துபோய் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அப்புறம் தெரிந்தது.

மச்சான் வீட்டுக் கொட்டகையில் பேக்கரிக்காரர் டேப்பைப் பிடித்து மேசையை அளந்துகொண்டிருந்தார். மாவு பிசைய இதைவிட நல்ல பலகை கிடைக்காது என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி மேசையின் ஓரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். மறுகையில் துடைக்கிற துணி.

"என்னங்க இந்த நேரத்துல?"

"விக்க வேணாம்."

"இருந்து என்ன பண்ணப் போறேன்?"

வரும் வழியெல்லாம் இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று யோசித்திருந்தேன். அறையின் விலையை மறுபரிசீலனை செய்ததில், சந்தை நிலவரத்தைப் பார்த்ததில் என்றெல்லாம் ஆபீஸ் தமிழில் நாலைந்து வாக்கியம் தயாராக இருந்தது. அவள் கையில் இருந்த துணியைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"உன் ரூமுக்கு நான் போட்ட விலை பொய்," என்றேன்.

கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சைப் பற்றிச் சொன்னேன். எதிர்பாராச் செலவு வேண்டாம் என்று பீற்றிக்கொண்டதால் அதை வெளியே எழுத முடியாமல், யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அவள் அறையில் ஒளித்து வைத்ததைச் சொன்னேன். அதை எடுத்து எடுத்துப் பள்ளத்திலும் பால்கனியிலும் போட்டதையும் சொன்னேன்.

"போடுறவனே நான்னு சொன்னீங்களே மாப்பிள்ளை," என்றார் மச்சான். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ரொம்ப நல்ல மனிதர். அன்றைக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை.

என் மனைவி சிரிக்கவில்லை. "நெஜமா எவ்வளவு ஆகும்?"

"பால்கனிக்கு ஒரு கைப்பிடி பாத்து வச்சிருக்கேன்ல... அந்த விலை."

"நான் வேணாம்னு சொன்னேனே, அன்னிக்கே உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

அவள் கையில் இருந்த துணியை மடித்து மேசை மேல் வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க நல்லாத் தூங்கினீங்க," என்றாள். "ரொம்ப நாள் கழிச்சுக் குறட்டைச் சத்தம் கேட்டுச்சு. பாவம், மனுஷன் இப்பவாவது தூங்குறாரே, மேசை போனாப் போகுதுன்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டேன்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, குப்பைப் பள்ளத்தின் மீதோ கம்பி விலையின் மீதோ பழியைப் போட்டிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேல் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப மேசை உண்டா, இல்லையாம்மா?" என்றார் பேக்கரிக்காரர்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. விக்கல."

அவர் டேப்பைச் சுருட்டினார். போகிற போக்கில் வயிற்றெரிச்சலில் ஒன்று சொன்னார். "இதை வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டு போவீங்கன்னு பாக்குறேன். என் கடைக்கே முன் ஷட்டரைக் கழட்டித்தான் ஏத்தணும்னு இருந்தேன்."

எல்லாரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். வரைபடத்தை நான் மனதுக்குள் விரித்தேன். கூடத்திலிருந்து ஒரு குறுகிய நடை. அதில் ஒரு திருப்பம். திருப்பத்தில் மூன்று அடிக் கதவு. பன்னிரண்டு அடி மேசை அந்தத் திருப்பத்தில் திரும்பாது. ஜன்னல் வழியாகவும் நுழையாது. மேசைக்காக ஒரு வீடு கட்டி, அந்த வீட்டின் ஆணி வரைக்கும் விலை போட்டு, மேசை எந்த வழியாக உள்ளே போகும் என்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"அப்பா..." என்றாள் மகள்.

"பின்சுவர் இன்னும் எழும்பலைல்ல?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லை."

"அண்ணா, லாரிக்காரருக்குப் போன் போடு. இப்பவே எடுத்துட்டுப் போயிடலாம்."

யோசித்துப் பார்த்தால், நான் யோக்கியனாக இருந்து அந்தச் சுவரை நேரத்துக்குக் கட்டி முடித்திருந்தால் மேசை ஒருநாளும் உள்ளே போயிருக்காது. லாரிக்குப் பின்னால் ஆட்டோவில் போகும்போது இது எனக்கு உறைத்தது. இதை அவளிடம் எடுத்துச் சொல்லி நல்ல பெயர் வாங்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன். அன்றைய தினத்தில் நான் கட்டுப்படுத்திய ஒரே செலவு அதுதான்.

சந்து வழியாக ஆட்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு போய், திறந்து கிடந்த பக்கமாக உள்ளே வைத்தார்கள். மறுநாள் காலையில் சின்ன வேலை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேசையை உள்ள வச்சுட்டு சுவரைக் கட்டச் சொல்றீங்களா? பின்னாடி வெளிய எடுக்க முடியாதே மேடம்."

"அதுக்குத்தான் கட்டச் சொல்றேன்," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சின்ன வேலைதான்," என்றார் சின்ன வேலை.

மேசையைப் பழைய திரைத்துணிகளால் மூடிவிட்டு, தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுவர் ஜன்னல் உயரம் தாண்டும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என் மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"நம்பிக்கை எல்லாம் இருக்கு. நாளைக்கே உங்களுக்கு எங்கயாவது துண்டு விழும். அப்ப நீங்க இந்த ரூம் பக்கம் வரக் கூடாது. நானும் வேணாம்னு சொல்லிடக் கூடாது. அதான்," என்றாள். டீயை வாங்கிக்கொண்டாள். அதுவே பெரிய விஷயம்.

கைப்பிடிக்கு வைத்திருந்த பணம் பின்அறைக்குப் போனதால் பால்கனிக்குக் கைப்பிடி வரவில்லை. கைப்பிடி இல்லாத பால்கனிக்கு ஆள் போனால் நேரே தெருவில்தான் போய் இறங்க வேண்டும் என்பதால், அதன் கதவைக் குறுக்கே பலகை அடித்து மூடிவிட்டோம். குடி வந்த வாரத்தில் நடைப்பயிற்சிப் பெரியவர் வாசலில் நின்று, "குடோன் நல்லா வந்திருக்கு," என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். நன்றி சொன்னேன்.

அவள் இப்போது நின்றுகொண்டு வெட்டுகிறாள். துணியை ஒரே வீச்சில் விரித்து, மேசையைச் சுற்றி நடந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கத்தரியை ஓட்டுகிறாள். அந்த அறையில் அவள் முதலில் தைத்தது எங்கள் வீட்டுக்கு. மாடியில் பலகை அடித்த கதவை முழுசாக மறைக்கிறாற்போல ஒரு நீளமான திரை.

"அதைப் பாக்குறப்பெல்லாம் உங்க மூஞ்சி ஒரு மாதிரி போகுது. அதான் மறைச்சுட்டேன்," என்றாள்.

நான் திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். சமாளிப்பதற்காக, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். அவள் உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். துணி, வளையம், கம்பி, கூலி. கூட்டுத்தொகைக்கு முன்னால், தெளிவான கையெழுத்தில், 'எதிர்பாராச் செலவு, பத்து சதவீதம்'.

"சொந்த வீட்டுத் திரைக்கே எதிர்பாராச் செலவா?"

"நீங்க இருக்கீங்கள்ல," என்றாள்.

அந்த வரியை அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பணத்தை எண்ணி மேசையின் மேல் வைத்துவிட்டு, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.